ராய்ப்பூரிலிருந்து இணைச்சீருக்கு

உக்காருங்கம்மா, இந்தப் பக்கம் ஈரமில்லீங்க. கை கழுவற எடத்தையெல்லாம் எப்புடிச் சேறு பண்ணி வெச்சிருக்கறாங்க பாருங்க, மண்டபத்துக்காரன் ஒரு சாக்கையாவது போட்டிருக்கலாம். நீங்களும் கூட்டத்துக்குள்ள போகாம ஒதுங்கி நிக்கறீங்களேன்னு பாத்தேன். சாப்பிட்டாச்சுங்களா? நானா? நான் பொறகு சாப்பிட்டுக்கறேன். பசியில்லீங்க. கண்ணு செவந்திருக்குதுங்களா? அதொண்ணுமில்லீங்க, தூக்கமில்லை. வண்டி ஓட்டிட்டு வந்தேன். ராய்ப்பூர்ல இருந்து. ஆமாங்க, சத்தீஸ்கர்தான். டிரைவரெல்லாம் இல்லீங்க, நான் ஒருத்தியேதான். அதா, கடைசில வேப்ப மரத்துக்குக் கீழ புழுதியும் மண்ணுமா ஒரு வெள்ளைக் கார் நிக்குது பாருங்க, முன்னாடி பம்பரைக் கயித்துல இழுத்துக் கட்டியிருக்குதே, அது நம்முளுதுதான்.

நீங்க பொண்ணூட்டுப் பக்கமுங்களா? பேச்சுலயே தெரியுது. கொழிஞ்சாம்பாறையா? நல்லதுங்க. நான் மாப்பிள்ளையூடு. மாப்பிள்ளைக்கு அக்கா. ஒன்னுவிட்டதெல்லாம் இல்லீங்க, கூடப்பொறந்தவ. சாந்தாமணின்னு பேரு. ஏனுங்க அப்புடிப் பாக்கறீங்க? சேலை கசங்கியிருக்குதேன்னு பாக்கறீங்களா? கார்லயே உக்காந்து மாத்துனதுங்க. பட்டுச்சேலையைக் கார்ல உக்காந்து கட்டிப் பாத்திருக்கறீங்களா? வேண்டாங்க, எதிரிக்கும் வேண்டாம்.

உங்க பக்கம் இணைச்சீர் உண்டுங்களா? இல்லையா? அப்பச் சொல்றேன் கேளுங்க. எங்களுக்குத் தாலி கட்டறதுக்கு முன்னாடி அதுதான் பெரிய சீரு. மாப்பிள்ளையும் அவனுக்குக் கூடப்பொறந்தவளும் ஒண்ணா நிக்கோணும். கூறைச்சேலையக் கொசுவி ஒரு முனையை அவன் புடிப்பான், ஒரு முனையை அவ புடிப்பா. நீ கண்ணாலம் பண்ணிக்கோ, பண்ணிக்கிட்டாலும் என்னை மறந்தராதேன்னு அர்த்தமுங்க. எங்கம்மா எனக்கு அப்புடித்தான் சொன்னாங்க. பொறந்தவ இல்லாத மாப்பிள்ளைக்கு மட்டும் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிப்பாங்க. இருக்கறப்ப ஆரும் நிக்க முடியாது. அது என்ற பாத்தியதை. அந்த எடத்துல கவர்னரே வந்து நிக்கறேன்னாலும் உடமாட்டாங்க.

அதுக்குத்தான் வந்தேன். அதுக்குத்தானுங்க அத்தனை தூரம்.

எங்கம்மா போறப்ப என்ற தம்பி மூர்த்திக்குப் பேச்சுக்கூட திருந்தலைங்க. நான் பள்ளிக்கொடம் போயிட்டிருந்தவ, புஸ்தகத்தைத் தூக்கி மச்சுல போட்டுட்டு அவனை இடுப்புல தூக்குனேன். குளிக்க வெச்சது, சோறு ஊட்டுனது, அம்மை போட்டப்ப வேப்பந்தழையோட பக்கத்துலயே கெடந்தது, எல்லாம் நானு. என்ற ஊட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தப்பவும் என்ற மடியிலதான் அவன் உக்காந்திருந்தான். 'தம்பியையும் கூட்டிட்டு வருவேன், சம்மதமா'ன்னு கேட்டுத்தான் நான் கழுத்தை நீட்டுனேன். அப்பறம் இவரு போர்வெல் ரிக்கோட வடக்க போயிட்டாரு, நானும் போயிட்டேன். மூர்த்தி மட்டும் இங்க படிக்கோணும்னு பெரியப்பா ஊட்டுல இருந்துட்டான். இருந்தா என்னங்க, அவன் என்ன சட்டை எடுக்கோணும்கறது வரைக்கும் நாந்தான் ஃபோன்ல சொல்லுவேன்.

அவனுக்குப் பொண்ணு பாக்கறதுக்கு நான் பட்ட பாடு இருக்குதே, சொன்னா நம்பமாட்டீங்க. ராய்ப்பூர்ல உக்காந்துட்டே அத்தனை ஜாதகமும் பாத்தேன். ஒருத்தி நல்ல நெறம், ஆனா சிரிக்கறப்ப ஈறு தெரியுது. ஒருத்திக்கு அண்ணன் தம்பியே நாலு பேரு, நாளைக்கு ஒரு வாய்ப்பேச்சுன்னா என்ற தம்பி தனியா நிக்கோணுமே? பெருந்துறைப் பொண்ணு ஒருத்தி, எங்கிட்ட ஃபோன்ல 'ஹலோ'ங்கறா. அக்காங்கோணுமா வேண்டாமா? வேண்டாம்னுட்டேன். நல்லதுக்குத்தானே சொல்றோம்? அவனும் 'சரிக்கா, சரிக்கா'ம்பான். அவ்வளவு மரியாதை. எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டான்.

சென்னிமலைப் பொண்ணு ஒண்ணுதான் அமைஞ்சு வந்துதுங்க. நிச்சயமே ஆயிருச்சு. அவனே பாத்து வெச்ச பொண்ணு, கூட வேலை செய்யறவ. நல்ல பொண்ணுதான், நான் ஒண்ணும் இல்லைங்கலை. வேலையை உடமாட்டேன்னு சொல்லிப்போட்டா. அவளும் வேலைக்குப் போயி இவனும் வேலைக்குப் போனா என்ற தம்பிக்குச் சோறு ஆரு போடறது? 'அவ வேலையை உட்டாத்தான் நான் இணைச்சீருக்கு நிப்பேன்'னு சொல்லிட்டேன். பெரியப்பா, மாமன், அத்தனை பேரும் ஃபோன் பண்றாங்க. நான் அசையலைங்களே! நான் நிக்காம எப்புடிக் கண்ணாலம் நடக்கும்? நடக்கலை. அந்தப் பொண்ணூட்டுக்காரங்க ரோசக்காரங்க, வேற எடத்துல குடுத்துட்டாங்க.

மூர்த்தி ஒரு வார்த்தை என்னைக் கேக்கலைங்க. 'ஏன்க்கா'ன்னு கூடக் கேக்கலை. அவனுக்குத் தெரியும், அக்கா நல்லதுக்குத்தான் செய்வா. அதுக்கப்பறம் வருசம் போகப் போக வேலை ஜாஸ்தியாயிருச்சு போல, ஃபோன் எடுக்கறதில்லை. போன தீவாளிக்கு எடுத்தான். பொங்கலுக்கு எடுக்கலை. ஆபீஸ்ல அப்புடிப் புழியறாங்க.

ஏனுங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? வெய்யில் படுதுங்களா? இங்கிட்டு நகந்து உக்காருங்க.

அப்பறம் பாருங்க, போன வாரம் எங்க ரிக் வண்டி மேனேஜரு ஊட்டுக்கு வந்தாரு. காப்பி குடிச்சுட்டே கேக்கறாரு, 'அக்கா, தம்பி கண்ணாலத்துக்கு எப்பக் கெளம்பறீங்க'ன்னு. என்ற கையில இருந்த தட்டம் அப்புடியே நிக்குது. அவரூட்டுக்குப் பத்திரிக்கை வந்திருக்குது. மேனேஜரூட்டுக்கு வந்திருக்குது, எனக்கு வரலைங்க! கூரியர்காரனுக்கு எங்க ஊட்டு அட்ரஸ் எப்பவுமே குழப்பந்தான், எதுத்த ஊட்டு ஜெயின்கிட்டக் குடுத்துட்டுப் போயிருவான். அங்கயும் போயிக் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுங்களா? 'அழைக்காத கண்ணாலத்துக்கு எதுக்குப் போறே, கம்முனு இரு'ங்கறாரு. தம்பி கண்ணாலத்துக்கு அக்காளை அழைக்கறதா? நான் என்ன ஒறம்பரையா, அழைச்சு வர்றதுக்கு?

ரயில்ல எடமில்லை. கோடை லீவு, வெயிட்டிங் லிஸ்ட்டே முடிஞ்சுபோச்சுங்கறாங்க. ஏரோப்பிளேன்ல போறேன்னேன், 'உனக்குக் காது அடைச்சுக்கும்'னு இவரு பேச்சை மாத்தறாரு. அவருக்கு இது சீசனுங்க, மழை வர்றதுக்குள்ள எத்தனை குழி போடறமோ அத்தனைதான் பொழப்பு. வரமாட்டாரு. 'கார் சாவியைக் குடுங்க'ன்னேன். சிரிச்சாரு. சிரிச்ச மனுசன் பாத்துட்டே நிக்கறாரு, நான் ரிவர்ஸ் எடுத்துக் கேட்டைத் தாண்டிட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நான் அதுவரைக்கும் காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி வண்டி ஓட்டுனதில்லீங்க.

நாக்பூர் வரைக்கும் ஒண்ணும் தெரியலை. அதைத் தாண்டி ஆதிலாபாத் ரோட்டுல ஏறுனேன் பாருங்க, முன்னால லாரி, பின்னால லாரி. அப்ப ஒரு லாரி. பின்னாடி 'டிஎன் 34'ன்னு போட்டிருக்குது. திருச்செங்கோட்டு நம்பரு! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. சாமி, நீ எங்க போறயோ அங்க நானும் வர்றேன்னு, அவன் பின்னாடியே ஒட்டிக்கிட்டேன். அவன் மெதுவாப் போனா நானும் மெதுவா. அவன் நிறுத்துனா நானும் நிறுத்தறேன். கடைசில ஒரு தாபாக்கிட்ட அந்த டிரைவரு எறங்கி வந்து, பைனான்சுக்காரங்கதான் வண்டியைப் புடிக்க ஆளைத் தாட்டிவிட்டிருக்கறாங்கன்னு நெனச்சுட்டு, 'டியூ எல்லாம் கட்டிட்டேன் மேடம்'ங்கறாரு. நான், 'தம்பி, ஊருக்குப் போறேன், வழி தெரியலை'ன்னேன். தலையில கைய வெச்சுட்டாரு. ரொட்டி வாங்கிக் குடுத்தாரு. 'எம்பொறகாலயே வாங்க அக்கா'ன்னாரு. அக்கான்னாருங்க. நிர்மல் மலை எறங்கற வரைக்கும் கண்ணாடியில என்னைப் பாத்துப் பாத்து ஓட்டுனாரு. அப்பறம் அவருக்கு நிஜாமாபாத்துல லோடு எறக்கோணும், கையைக் காட்டிட்டுத் திரும்பிட்டாரு. அந்தத் திருப்பத்துல நான் வண்டிய ஓரங்கட்டி நிறுத்தி அழுதேனுங்க. ஆருன்னே தெரியாத மனுசன். எதுக்கு அழுதேன்னு இப்பவும் தெரியலை.

ஐதராபாத்தைச் சுத்தி ஒரு பெரிய ரோடு போட்டிருக்கறாங்க. அதுல எறங்கற எடத்தை உட்டுட்டேன். மறுபடியும் சுத்துனேன். மறுபடியும் உட்டுட்டேன். பாத்த கம்பெனியவே திரும்பப் பாக்கறேன். அப்பத்தான் ஃபோன்ல ஒரு மெசேஜ். மூர்த்திதான்! எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருப்பாரு போல. 'வர வேண்டாம்'னு ரெண்டே வார்த்தை. பாருங்க, அக்கா தனியா வண்டி ஓட்டிட்டு இத்தனை தூரம் சீரழியக்கூடாதுன்னு நெனைக்கறான். அந்தக் கொழந்தை மனசு இன்னும் மாறலை. 'வெசனப்படாத சாமி, வந்துட்டே இருக்கறேன்'னு திருப்பிப் போட்டேன். அதுக்குப் பதில் வரலை. கண்ணாலத்து ஊட்டுல ஆயிரம் வேலை.

கர்னூல் தாண்டி, குத்தின்னு ஒரு ஊரு, அதுக்கு இந்தப் பக்கம், வண்டி பொகைய ஆரம்பிச்சிருச்சுங்க. நிறுத்தி முன்னாடி மூடியத் தெறந்தேன், ஆவி அப்புடியே மூஞ்சில அடிக்குது. தண்ணி போற ரப்பர் குழாய் வெடிச்சிருக்குது. சுத்துமுத்தும் ஒரு மரமில்லைங்க. கல்லும் பொட்டலுமாக் கெடக்குது. கையைக் காட்டறேன், ஒருத்தன் நிக்கலை. நின்ன ஒருத்தன் தெலுங்குல என்னமோ சொன்னான், நான் தமிழ்ல சொன்னேன், அவனுக்கு வந்த இந்தி எனக்கு வந்த இந்தி மாதிரி இல்லை. அவன் தாட்டிவிட்ட மெக்கானிக் வந்து பாத்துட்டு, குழாய் அனந்தபூர்ல இருந்து வரோணும், உக்காருங்கன்னு சைகை காட்டிட்டுப் போயிட்டான். போனவன் போனவன்தான்.

நாளைக்கு விடியக்காலம் இணைச்சீரு. நான் இங்க ரோட்டோரத்துல உக்காந்திருக்கறேன்.

மூர்த்திக்குப் போட்டேன். ரிங் போகுது, கட் ஆகுது. மறுபடியும் போட்டேன், சுவிட்ச் ஆஃப். சார்ஜ் போயிருக்கும். பெரியப்பாவுக்குப் போட்டேன். 'பெரியப்பா, நான் குத்திக்கிட்ட நிக்கறேன், வண்டி கெட்டுப்போச்சு, இணைச்சீரைக் கொஞ்சம் தள்ளிவையுங்க, முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்தர்றேன்'ன்னு கெஞ்சுனேன். நான் பொறந்ததுல இருந்து ஆருகிட்டயும் கெஞ்சுனதில்லீங்க. பெரியப்பா, 'அதெல்லாம் ஏற்பாடு ஆயிருச்சு அம்முணி, நீ வெய்யில்ல நிக்காத'ன்னு வெச்சுட்டாரு. ஏற்பாடுன்னா என்ன ஏற்பாடு? நான் இல்லாம என்ன ஏற்பாடு?

அந்தப் பக்கம் ஆடு மேச்சுட்டிருந்த ஒரு பொம்பளை வந்து பக்கத்துல உக்காந்துட்டா. தண்ணி குடுத்தா. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன், உங்ககிட்டப் பேசற மாதிரி. அவளுக்கு ஒரு எழுத்துப் புரிஞ்சிருக்காது. அப்பப்ப தலையை ஆட்டுனா. பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தா. என்ன செய்ய முடியுங்க சொல்லுங்க? நடந்தா போயிச் சேர முடியும்? எறக்கை இருந்தாப் பறந்தா வர முடியும்? கையில சாவி இருக்குது, முன்னாடி ரோடு நேரா ஊரைப் பாத்துப் போகுது, வண்டி நகரமாட்டேங்குது. அன்னைக்கு நான் திட்டாத சாமியில்லீங்க.

சாயங்காலக் கருக்கல்லதான் மெக்கானிக் வந்து மாட்டுனான். அப்பறம் எங்கயும் நிறுத்தலை. பெங்களூர்ல டோல் கேட்டுக் கம்பத்துல இடிச்சு, அந்தப் பம்பர் தொங்குனது அங்கதான், அங்கயே ஒரு புண்ணியவான் கயிறு குடுத்தான். கிருஷ்ணகிரி, சேலம், பெருந்துறை எல்லாம் எப்புடித் தாண்டுனேன்னு கேக்காதீங்க. தமிழ்ல போர்டு பாத்ததுந்தான் எனக்கு உசுரே வந்துது.

இந்த மண்டபத்து வாசல்ல நான் எறங்கறப்ப உள்ள மைக்குல அருமைக்காரரு பேசிட்டிருக்கறாரு. அவருதானுங்க எங்க சீரெல்லாம் செஞ்சு வெக்கற பெரியவரு. வேற ஊர்க்காரரு, எங்களைத் தெரியாது. நான் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடியாந்து பின்னாடி வரிசையில நின்னு மூச்சு வாங்கறேன். வந்துட்டேன், நேரத்துக்கு வந்துட்டேன்! மேடையில என்ற தம்பி வேட்டி சட்டையில நிக்கறான். எளச்சுப் போயிட்டானுங்க. அருமைக்காரரு கேக்கறாரு, 'இணைச்சீருக்கு ஆருங்க நிக்கறது? மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ இருக்கறாளா?'

நான் கையைத் தூக்கப் போறேனுங்க. இங்க இருக்கறேன்னு கத்தப் போறேன்.

மூர்த்தி சொல்றான், 'எனக்குக் கூடப்பொறந்தவங்க ஆரும் இல்லீங்க.'

மைக்கு அவன் பக்கத்துலதான் இருந்துது. மண்டபம் பூரா கேட்டுது.

கேட்டவங்க ஒருத்தரும் திரும்பலைங்க. மாமன் இருக்கறாரு, பெரியப்பா இருக்கறாரு, என்னை இடுப்புல வெச்சு வளத்துன அத்தை ஒருத்தி இருக்கறா. ஒருத்தரும் 'ஏன்டா இல்லை, சாந்தாமணி இருக்கறாளே'ன்னு கேக்கலை. பெரியப்பன் மக வளர்மதி தயாரா நின்னுட்டிருந்தா, தலையில பூவோட. ஏற்பாடுன்னாரே, அதுதான் ஏற்பாடு. அவ போயி அந்தச் சேலை முனையைப் புடிச்சா. நான் பாத்துட்டே நின்னேன்.

அவன் கண்ணாடி போடலைங்க, அதுனால என்னைப் பாத்திருக்க மாட்டான். பாத்திருந்தா அப்புடிச் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான். விடியக்காலம் பாருங்க, அத்தனை பேரு முன்னாடி மைக்கைக் கண்டா ஆருக்கும் வாய் ஒளரும். அவன் சின்னதுலயே அப்புடித்தான், பள்ளிக்கொடத்துல மேடை ஏறுனா பேரையே மறந்துருவான்.

இல்லீங்க. நான் என்னமோ சொல்றேன். அவன் தெளிவாத்தான் சொன்னான். நல்லாத் தெளிவா.

தாலி கட்டுனதையும் தூரத்துல இருந்தே பாத்தேன். உங்க ஊட்டுப் பொண்ணு லட்சணமா இருக்கறாங்க. கட்டுனப்ப அவன் சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்பை நான் பாத்து எத்தனை வருசமாச்சு. சென்னிமலைப் பொண்ணு நிச்சயத்தன்னிக்குப் பாத்தது. அதுக்கப்பறம் இன்னைக்குத்தான். இடையில ஊருக்கு வந்தப்ப நான் எடுத்த போட்டோ எல்லாத்துலயும் அவன் உம்முன்னுதான் இருப்பான். கேமராவுக்குக் கூச்சப்படறான்னு நெனச்சேன்.

நேத்து மத்தியானமே குழாய் மாட்டியிருந்தா, விடியறதுக்கு முன்னாடியே வந்திருந்தா, அவனைத் தனியாப் பாத்துப் பேசியிருந்தா... என்னத்தைப் பேசியிருப்பேன்? எனக்கே தெரியலை. அதட்டியிருப்பேன். எனக்குப் பேசத் தெரிஞ்சது அதுதான்.

மேளம் நின்னுருச்சுங்களே. பந்திக்கு எறங்கறாங்களாட்ட இருக்குது. அதா, பொண்ணும் மாப்பிள்ளையும். இல்லீங்க, பந்திக்குப் போகலை, இந்தப் பக்கமாவல்ல வர்றாங்க? இங்க ஆரு இருக்கறா? நாம ரெண்டு பேருதான் இருக்கறோம். ஏனுங்க எந்திரிக்கறீங்க? ஆசீர்வாதமா? உங்ககிட்டயா?

பொண்ணுக்கு அம்மாவுங்களா நீங்க?

அட சாமி. உங்க ஊட்டுக்காரரு போயிட்டதுனால மேடைப்பக்கம் வராம இங்கயே நின்னுட்டீங்களா? பெத்தவளை எவன் வரக்கூடாதுன்னு சொன்னது? அதுனாலதான் அவங்களே எறங்கி வர்றாங்க. இத்தனை நேரம் எல்லாத்தையும் கொட்டிட்டேனே உங்ககிட்ட. சென்னிமலைக் கதையெல்லாம் சொல்லிப்போட்டனே. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அவன் தங்கமானவன். உங்க பொண்ணை நல்லா வெச்சுக்குவான், எனக்குத் தெரியும். அவன் வாயில ஒரு தப்பு வார்த்தை வராது.

இல்லீங்க, என்ற கையை உடுங்க. நான் போறேன். என்னை இங்க நிக்கச் சொல்லாதீங்க. எனக்கும் ஆசையில்லாமயா? தொட்டுப் பாக்கோணும்னு கையி துடிக்குதுங்க. ஆனா அத்தனை பெரியவங்க முன்னாடி எனக்கு ஆருமில்லைன்னு சொல்லிப்போட்டான். இப்ப நான் அக்கான்னு முன்னால நின்னா, கட்டுனவ முன்னாடி அவன் பொய் சொன்னவன் ஆயிருவான். கழுத்துல மாலை கூட வாடலை. உடுங்கம்மா, வந்துட்டாங்க, உடுங்க.

பாத்துட்டான். நின்னுட்டான் பாருங்க.

வா கண்ணு, வா. அம்மா இங்கதான் இருக்கறாங்க, ரெண்டு பேரும் கால்ல உளுந்து கும்புட்டுக்கங்க. நல்லா இருங்க. நானுங்களா? நான் ஆருமில்லை கண்ணு. சாப்பிட வந்தவ, கை கழுவிட்டுப் போறேன்.